நாலு கலர் மாப்பிள்ளை

சித்திக்குப் பார்த்த மாப்பிள்ளை அருப்புக்கோட்டையில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறார் என்றதுமே மாமாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அம்மாவின் அண்ணனான அவர் தராசைத் தட்டிப் பார்க்காமல் வெங்காயம்கூட வாங்க மாட்டார். "உள்ள இருக்கது கம்ப்யூட்டரா, பழைய டிவிப் பெட்டியான்னு யாரு கண்டா?" என்றார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாதிரியார் ஓலை வாசித்துக் கல்யாணத்தை அறிவித்துவிட்டால் பின்வாங்குவது கஷ்டம். அதனால் சனிக்கிழமையே என்னைக் கூட்டிக்கொண்டு பந்தல்குடியில் பஸ் ஏறினார். மாப்பிள்ளை அவரை அதுவரை பார்த்ததில்லை. என்னை வகுப்பில் சேர்க்க வந்ததாகச் சொல்வது ஏற்பாடு. நிஜமாகவே சேர்த்துவிடுவார் என்று நம்பி நான் ரெட்டை ஜடை போட்டுக்கொண்டேன்.

மாமா வெளியே நின்று போர்டை எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் உள்ளே போய்விட்டேன். திரையில் ஒரு கிளிப் படம். உடம்பு வெளிர்நீலம், மூக்கு ரோஸ், சுற்றிலும் கறுப்பு.

"விஜிஏதானே தம்பி?" என்று கேட்டுக்கொண்டே மாமா வந்தார். புது மாதிரிக் கம்ப்யூட்டர் திரைக்கு அதுதான் பெயர் என்று மதுரையில் யாரிடமோ விசாரித்து மனப்பாடம் செய்துவந்த வார்த்தை அது.

"இல்லண்ணே. இது சிஜிஏ, பழசு. படத்துக்கு நாலு கலருதான் காட்டும். விஜிஏன்னா புள்ளியெல்லாம் நெருக்கமா விழும், கிளி பச்சையாவே தெரியும்" என்றார் மாப்பிள்ளை. பிறகு என் பக்கம் குனிந்து, "இப்பச் சேர வேண்டாம் பாப்பா. புதுசு வாங்கினதும் வா" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் மாமா கொதித்தார். "தேடி வந்த ஆள எந்தக் கடைக்காரனாச்சும் திருப்பி அனுப்புவானா? நான் யாருன்னு கண்டுக்கிட்டான். அதான் யோக்கியன் வேஷம் போடுறான்." வீட்டிலும் அதையே சொன்னார். "அப்ப ஓலைய நிறுத்தச் சொல்லிரவா?" என்று கேட்டாள் அம்மா.

சித்தி என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப் போனாள். அவள் குரலிலும் சந்தேகம் இருந்தது. "நெசமாச் சொல்லு. அவுக மாமாவ அடையாளம் கண்டுக்கிட்டாகளா?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அதெல்லாம் தெரியாது. மாமா உள்ள வாரதுக்கு முன்னாடி ஒரு அக்கா சேர வந்துச்சு. அதுகிட்டயும் இது பழசு, இப்பச் சேராதன்னுட்டாக. அவுக யாரையுமே சேத்துக்க மாட்டாக!"

சித்தி அதை மறுபடியும் சொல்லச் சொன்னாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், "நாளைக்கு ஓலை வாசிக்கச் சொல்லுக்கா" என்றாள்.

வந்தவர்களையெல்லாம் விரட்டிவிடுகிற மனிதரைப் பற்றி அத்தனை புகார் சொல்லியும், சித்தி அவரையே கட்டிக்கொள்ளத் துணிந்தது ஏன் என்று எனக்கு விளங்கவேயில்லை.