மூன்றாவது வட்டத்துப் படம்

புக்கிட் பெலிம்பிங்கில் பள்ளி வேன் ஓட்டும் கான்ஸ்டன்ஸுக்கு ஹாரன் அடிக்கிற பழக்கம் இல்லை. வீட்டு வாசலில் நிறுத்தி இரண்டு நிமிஷம் பார்ப்பாள், பிள்ளை வரவில்லை என்றால் போய்விடுவாள். ஆரம்பத்தில் சண்டைக்கு வந்த பெற்றோர்கள், போகப் போக மணி பார்த்துப் பிள்ளைகளை அனுப்பப் பழகிக்கொண்டார்கள். ஆனால் பள்ளி விட்டுத் திரும்பும்போது அவள் ஆளே வேறு. பிள்ளை இறங்கி, கேட்டைத் திறந்து, உள்ளே போய், கதவு சாத்துகிற வரைக்கும் வேன் ஓர் அங்குலம் நகராது. பின்னால் வருகிற காடிக்காரன் எவ்வளவு கத்தினாலும் சரி. பதினாறு வருடமாக இப்படித்தான்.

போன வருடம் மார்ச் மாதத்தில் ஒரு மதியம், நான்காம் படிவம் படிக்கும் கெய்ட்லின் முன் இருக்கையில் உட்கார்ந்து கைப்பேசியில் எதையோ பார்த்துக்கொண்டு வந்தாள். பின்னணியில் பயமுறுத்தும் இசை. ஓர் இளைஞனின் குரல் அந்திக்காரன் என்ற பழைய கொலைகாரனின் பிள்ளைப் பருவத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. அவனுடைய அம்மா அவனை எப்படி அடித்தாள், அவனுக்கு எந்தச் சாப்பாடு பிடிக்கும், கையெழுத்து எப்படி இருக்கும் என்றெல்லாம்.

"ஆண்ட்டி, இந்தக் கேஸ் நம்ம ஏரியாவாம்லா. தெரியுமா உங்களுக்கு?" என்று கெய்ட்லின் படத்தைக் காட்டினாள்.

சாலை ஓரமாக வேனை நிறுத்திவிட்டுத்தான் கான்ஸ்டன்ஸ் அதைப் பார்த்தாள். நடுவில் அவன் முகம் பெரிதாக இருந்தது. கீழே ஐந்து சின்ன வட்டங்கள், ஐந்து பெண்கள். மூன்றாவது வட்டத்தின் கீழே 'பிலோமினா' என்று எழுதியிருந்தது. வட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தது பிலோமினா இல்லை.

பிலோமினா கான்ஸ்டன்ஸின் தங்கை. இரண்டாயிரத்து நான்காம் வருடம், இருபத்து மூன்று வயதில், கையுறைத் தொழிற்சாலை பஸ்ஸுக்காகத் தனியாக நின்றுகொண்டிருந்தவள் வீடு திரும்பவில்லை. பதினைந்து மாதத்தில் அப்படி ஐந்து பெண்கள். எல்லாருமே பொழுது சாயும் நேரத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள். ஏதோ ஒரு பத்திரிகை அவனுக்கு அந்திக்காரன் என்று பெயர் வைத்தது, அதுவே நிலைத்துவிட்டது. கான்ஸ்டன்ஸ் அந்தப் பெயரையும் சொல்ல மாட்டாள், அவன் சொந்தப் பெயரையும் சொல்ல மாட்டாள். "அந்த ஆள்" என்பாள், அவ்வளவுதான்.

படம் மாறியது அவள் செத்த சமயத்திலேயே நடந்த கூத்து. தொழிற்சாலைப் பெண்களின் நெட்போல் பந்தாட்ட அணி கோப்பை வாங்கியபோது எடுத்த படம் ஒன்று அலுவலகச் சுவரில் மாட்டியிருந்தது. நிருபர் வந்து கேட்டபோது, "அதுல ஓரத்துல நிக்கிறவ" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஓரம் இரண்டு இருக்கிறதே. வலது ஓரத்தில் பிலோமினா, யாரோ கூப்பிட்டுத் திரும்பியதில் முகம் மங்கலாக விழுந்திருந்தது. இடது ஓரத்தில் கங்கா என்ற பெண் பளிச்சென்று சிரித்துக்கொண்டு நின்றாள். பத்திரிகைக்குப் பளிச்சென்று இருந்த முகம் பிடித்துப்போனது.

அப்பா ஜூலியஸ் எஸ்டேட்டில் புல்லுக்கு மருந்தடித்துப் பிள்ளைகளை வளர்த்த மனுஷர், யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. மகளைப் புதைத்த ஐந்தாம் நாள் பஸ் ஏறிக் கோலாலம்பூர் போய், அந்தப் பத்திரிகை அலுவலக வாசலில் அரை நாள் உட்கார்ந்திருந்தார். திருத்தம் போடுகிறோம் என்றார்கள். போட்டார்கள், எட்டாம் பக்கத்தின் அடியில் இரண்டு வரி. அதில் படம் இல்லை. 'பிலோமினா' என்பது 'பில்மோனா' ஆகியிருந்தது. வீட்டில் இருந்த ஆல்பத்தைப் போலீசார் விசாரணைக்கு என்று வாங்கிப் போனவர்கள் திருப்பித் தரவில்லை. மிஞ்சியது சின்ன வயதில் மாதா கோயிலில் முதல் நன்மை வாங்கிய அன்று வெள்ளை முக்காட்டோடு எடுத்த ஒரு படமும், முகமே தெரியாமல் கறுத்துப்போன அடையாள அட்டை நகலும்தான். அம்மா சாகும்வரை அந்த வெள்ளை முக்காட்டுப் படத்தைத்தான் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஆள் சிறையிலேயே நோய் வந்து செத்துப்போனான். அதற்குப் பிறகுதான் ஊருக்கு அவன் மேல் புதுசாக மோகம் பிறந்தது. அவன் முகம் போட்ட டி-சட்டைகள் இணையத்தில் விற்றன. அவனைப் பற்றிப் பேசாத சேனல் இல்லை. எல்லாவற்றிலும் அதே ஐந்து வட்டங்கள், அதே மூன்றாவது படம்.

அன்று மாலை கான்ஸ்டன்ஸ் அந்த சேனலின் எண்ணைத் தேடிப் பிடித்தாள். பேசியவன் பெயர் ஜேடன், புஞ்சாக் ஆலாமில் இருக்கிறான், இருபத்தாறு வயது. மரியாதையாகத்தான் பேசினான்.

"ஆண்ட்டி, நாங்க பழைய பேப்பர் கட்டிங்க வச்சுத்தான் பண்ணினோம். அந்தப் படம் தப்புன்னா புரூஃப் வேணும்லா. நாளைக்கு யாராச்சும் கேட்டா நாங்க என்ன சொல்றது?"

"நான் அவ அக்கா, தம்பி. இதுக்கு மேல என்ன புரூஃப்?"

"அப்படி இல்ல ஆண்ட்டி. இதுல இருக்கறது வேற ஆள்னு காட்டினா உடனே மாத்திடுவோம்."

அதாவது, தன் தங்கையின் முகம் எது என்று நிரூபிக்க, தங்கை அல்லாத ஒருத்தியை அவள் தேடிப் பிடிக்க வேண்டும். "விட்டுத் தொலையேன், இருபது வருஷமாச்சு" என்றார் கணவர். கான்ஸ்டன்ஸ் விடவில்லை. தொழிற்சாலையில் வேலை செய்த பழைய ஆட்களை ஒவ்வொருவராக விசாரித்து மூன்று வாரத்தில் கண்டுபிடித்தாள். கங்கா கல்யாணமாகி பாகான் நக்கோடா ஓமாரில் இருந்தாள். மீன்பிடிப் படகுகள் வந்து நிற்கும் ஜெட்டிக்குப் பக்கத்தில் வடையும் நாசி லெமாக்கும் விற்கிற கடை.

ஒரு சனிக்கிழமை காலை கான்ஸ்டன்ஸ் போய் நின்றபோது கங்கா எண்ணெய்ச் சட்டியில் வடை போட்டுக்கொண்டிருந்தாள். உடம்பு பருத்து, முடி நரைத்திருந்தது. ஆனாலும் அதே முகம். இத்தனை வருடமாகத் தன் தங்கையின் பெயரைத் தூக்கிக்கொண்டு திரிந்த முகம்.

"பசியாறிட்டீங்களா? என்ன வேணும்?" என்றாள் கங்கா.

"நான் பிலோமினாவோட அக்கா."

கங்கா கரண்டியைக் கீழே வைத்தாள். அடுப்பை அணைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"என்னைக்காச்சும் வருவீங்கன்னு தெரியும்க்கா. நாந்தான் வந்திருக்கணும். எப்படி வர்றது? உங்க வீட்டுல ஒரு உசிரே போயிருச்சு. எனக்கு வெறும் படந்தானே போச்சு. அதைக் கொண்டாந்து உங்ககிட்ட என்னன்னு முறையிடறது?"

வெறும் படம் இல்லை அது. பத்திரிகை வந்த அன்று அவளுடைய அம்மா மயங்கி விழுந்திருக்கிறாள். பெண் பார்த்துப் போன வீட்டார், செத்தவள் என்று படம் வந்த பெண் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒன்பது வருடம் ஒரு சம்பந்தமும் கூடவில்லை. இப்போது மகள் அன்பரசி படிக்கும் பள்ளியில் பிள்ளைகள் அந்தப் படத்தைக் கைப்பேசியில் அனுப்பி, உங்கம்மா ஆவியா என்று கேட்கிறார்களாம்.

கங்கா உள்ளே போய் ஓர் உறையைக் கொண்டுவந்தாள். நெட்போல் படத்தின் அசல். மஞ்சள் சட்டையில் ஏழு பேர். கான்ஸ்டன்ஸ் வலது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் மங்கலாகத்தான் இருந்தது. ஆனால் இடுப்பில் கையை ஊன்றி நிற்கிற விதம், ஒரு தோளைச் சற்று இறக்கி நிற்கிற விதம், அது பிலோமினாவேதான். கங்கா கொடுத்த வடையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அழுதாள்.

பிறகு கடைக்குப் பின்னால் நின்று கங்கா ஒரு நிமிஷம் பேச, கான்ஸ்டன்ஸ் பதிவு செய்தாள். 'அந்தப் படத்தில் இருப்பது நான். என் பெயர் கங்கா. பிலோமினா இதோ இந்த ஓரத்தில் நிற்பவள். தயவு செய்து படத்தை மாற்றுங்கள்.' வேறு ஒரு சொல் இல்லை. அன்றைக்கே ஜேடனுக்கு அனுப்பினாள்.

"ஆண்ட்டி, இது ரொம்பப் பெரிய விஷயம்லா" என்று பதில் வந்தது. அந்தப் பதிலிலேயே தனக்கு உறைத்திருக்க வேண்டும் என்று பின்னால் அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

அடுத்த வாரம் புதிய காணொளி வந்தது. தலைப்பு: 'செத்தவள் பேசுகிறாள்.' கங்காவின் முகத்தைப் பாதி இருட்டாக்கி, பக்கத்தில் அந்த ஆளின் கண்களைப் போட்டிருந்தார்கள். மூன்றாவது பெண் உயிரோடு இருக்கிறாளா என்ற கேள்வியை வைத்து நாற்பது நிமிஷம் இழுத்தார்கள். படம் மாறிப்போன உண்மையைக் கடைசி இரண்டு நிமிஷத்தில் சொன்னார்கள். அதுவரைக்கும் யார் பார்க்கிறார்கள்? இரண்டே நாளில் நாலு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். கீழே கருத்துகள் வந்து குவிந்தன. அப்போ அவன் நாலு பேரைத்தான் கொன்றானா? ஒரு படமே பொய் என்றால் மொத்தக் கேஸும் பொய்தானே? பாவம், அப்பாவியைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள்.

கங்காவின் கடைக்குப் படம் எடுத்துக்கொள்ள ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். "நான் உங்கள நம்பித்தானேக்கா பேசினேன்" என்றாள் தொலைபேசியில். கோபம்கூட இல்லை அந்தக் குரலில், சலிப்புதான்.

கான்ஸ்டன்ஸ் பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு வேனைப் புஞ்சாக் ஆலாமுக்கு விட்டாள். கடைவீடு ஒன்றின் மாடியில் ஒரு சின்ன அறை, இரண்டு மைக். சுவர் முழுக்க அந்த ஆளின் நிழலுருவத்தைக் கறுப்பு மையில் வரைந்து வைத்திருந்தார்கள். அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"நீங்க கேட்ட மாதிரி படத்த மாத்திட்டோமே ஆண்ட்டி" என்றான் ஜேடன். உண்மையிலேயே அவனுக்கு விளங்கவில்லை. கெட்ட பையனாகவும் தெரியவில்லை, தண்ணீர் போத்தல் எடுத்துக் கொடுத்தான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்திருப்பாள்.

"அந்தப் பொம்பளை உயிரோட இருக்கா, அவ கடைய நடத்த முடியல. என் தங்கச்சி செத்துட்டா, அவ சாகலைன்னு ஊரே பேசுது. என்ன தம்பி மாத்தினீங்க நீங்க?"

"தலைப்பு கொஞ்சம் அப்படி வச்சாத்தான் ஆண்ட்டி ஆளுங்க உள்ள வருவாங்க."

"அப்ப அவளைப் பத்தி ஒண்ணு போடுங்க. பிலோமினாவப் பத்தி. அந்த ஆளைப் பத்தி பதினோரு தடவை பேசியிருக்கீங்க, நான் எண்ணிப் பார்த்தேன். அவளுக்கு ஒரு தடவை குடுங்க."

ஜேடன் நெற்றியைத் தடவினான். "எப்படிச் சொல்றது... அவங்க சாதாரணமா வாழ்ந்தவங்க ஆண்ட்டி. வேலைக்குப் போனாங்க, வந்தாங்க. அதுல கதை இல்லலா."

"இருபத்து மூணு வருஷம் உயிரோட இருந்தவ தம்பி. கதை இல்லாம எப்படி இருப்பா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் அவள் எழுந்து வந்துவிட்டாள். மறுநாள் கங்காவை அழைத்துக்கொண்டு போய்ப் போலீசில் புகார் கொடுத்தாள். எழுதிக்கொண்டிருந்த இளைய அதிகாரி பேனாவை நிறுத்தி, "கோர்ட்ல அவன நேர்ல பார்த்திருக்கீங்களா? ஆளு எப்படி இருப்பான்?" என்று ஆர்வமாகக் கேட்டார். கங்கா கான்ஸ்டன்ஸின் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டதால் அவள் ஒன்றும் சொல்லாமல் வந்தாள். பத்து நாள் கழித்து ஜேடன் காணொளியை எடுத்துவிட்டான், மன்னிப்பும் கேட்டு எழுதினான். அதற்குள் இன்னும் ஆறு பேர் அதை வெட்டி ஒட்டித் தங்கள் பக்கத்தில் போட்டிருந்தார்கள். அவர்களுக்கும் எழுதினாள். ஒருவன்தான் பதில் போட்டான், சிரிக்கிற முகம் ஒன்றை.

ஆகஸ்ட் மாதம் பிலோமினாவின் நினைவு நாள் வந்தது. பத்திரிகையில் ஒரு நினைவஞ்சலி கொடுப்பது என்று கான்ஸ்டன்ஸ் முடிவெடுத்தாள். நெட்போல் படத்தின் வலது ஓரத்தை மட்டும் வெட்டி எடுத்துக் கொடுத்தாள். விளம்பரப் பிரிவில் இருந்த பெண் படம் தெளிவாக இல்லையே என்றாள்.

"இதுதான் இருக்கு. போடுங்க."

"அந்திக்காரன் கேஸ்னு ஒரு வரி சேர்த்துக்கலாமா? அப்பதான் படிக்கறவங்களுக்குத் தெரியும்."

"அந்த வரி வேணாம்."

நான்கு நாள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து எழுதி, அடித்து, மறுபடி எழுதியது இப்படி வந்தது: 'பிலோமினா ஜூலியஸ். வயது 23. மாதா கோயில் பாட்டுக் குழுவில் எல்லாரையும்விட ஒரு வரி முன்னாலேயே பாடிவிடுவாள். முன் பல் ஒன்று உடைந்திருந்ததால் வாயைப் பொத்திச் சிரிப்பாள். மீன் முள்ளுக்குப் பயந்து முள்ளில்லாத கருவாடு மட்டும் தின்பாள். தொழிற்சாலை நெட்போல் அணிக்குக் கோல் அடித்துக் கோப்பை வாங்கித் தந்தவள். அவளை நினைக்கிறோம்.' பெயரில் எழுத்துப் பிழை இல்லை. அதை மூன்று தடவை தொலைபேசியில் சரிபார்த்திருந்தாள்.

வெளிவந்த அன்று முதல் அழைப்பு யாரோ தெரியாத ஆளிடமிருந்து. "இது அந்தக் கேஸ்ல மூணாவது ஆள்தானே?" என்றான். வைத்துவிட்டாள். அடுத்து கங்கா கூப்பிட்டாள்.

"நல்லா எழுதியிருக்கீங்கக்கா. படிச்சு அழுதுட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் தப்பு."

"என்ன தப்பு?"

"பிலோ டிஃபென்ஸ்லதான் ஆடுவா. டிஃபென்ஸ்ல நிக்கிறவங்க கோல் போட முடியாதுக்கா. கோல் போட்டது நானு."

"வீட்டுல வந்து நான்தான் போட்டேன், நான்தான் போட்டேன்னு குதிச்சாளே."

"குதிச்சிருப்பா. அவளை உங்களுக்குத் தெரியாதா?"

எரிச்சலில் கான்ஸ்டன்ஸ் பத்திரிகையை மடித்து மேசையில் அடித்தாள். இருபத்தொரு வருடம் ஊரெல்லாம் மாற்றிப் போட்டதைத் திருத்தப் போய், தானும் அதே கங்காவோடு மாற்றிப் போட்டிருக்கிறாள். அதுவும் அந்தப் பொய்க்காரித் தங்கையை நம்பி. யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. பள்ளிக்குக் கிளம்ப இன்னும் அரை மணி நேரம் இருந்தது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"சரி, சொல்லு" என்றாள். "வேற என்னென்ன புளுகினா?"