பூங்கா ரேடியோ

எஃப்.எம். பெட்டியில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே இரைச்சல் எழும்போதெல்லாம், யுத்த காலத்துத் திண்டிவனம் பூங்காவும் அதன் ரேடியோ அறையும் எனக்குத் திரும்பி வருகின்றன. அப்பா பர்மா பக்கம் பட்டாளத்தில் இருந்தார். மல்லாட்டைச் செடி பிடுங்கிய மண் போகாத கையால் என்னைப் பிடித்துக்கொண்டு அம்மா சாயங்காலச் செய்திக்கு வருவாள். செய்தி வாசிப்பவருக்கு நாம் பேசுவதும் கேட்கும் என்று நம்பி, கூட்டம் கலைந்ததும் ஒலிபெருக்கியருகே போய், "ஐயா, பொண்ணு சொகமாகீதுன்னு எங்க வூட்டுக்காரர்கிட்ட சொல்லிடுங்க" என்பாள். குறுக்கே பாட்டு வந்துவிடாதபடி, ரேடியோக்காரர் முள்ளை நகர்த்தி வெறும் இரைச்சலாக்கிவிட்டு, அவள் முடிக்கும்வரை காத்திருப்பார். அப்பா வரவேயில்லை. இன்றும் அந்த இரைச்சல் வந்தால் உடனே திருப்ப எனக்கு மனசு வருவதில்லை; அம்மா இன்னும் பேசி முடிக்கவில்லை.