பெற்றுக்கொண்டவர்: மாரிமுத்து, சில்லறைக் கடை, பொகவந்தலாவை

நேற்று ஓஃபீஸில் ஒரு பேப்பரை நீட்டி, "இதில ஒரு சைன் வையும் பிள்ளை" என்றார் என் மெனேஜர்.

வைக்கவில்லை!

இதை டைப் பண்ணும்போதும் எழுத்துகள் மாறி மாறி விழுகின்றன. (கோபத்தில்தான். பயத்தில் இல்லை.)

நான் கொழும்பில் ஒரு கப்பல் கம்பனியில், பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். கம்பனியின் பெயரை எழுத மாட்டேன். (வேலை வேண்டுமே!)

எங்கள் சரக்குக் கப்பல்கள் எல்லாவற்றிலும் மறைவாக ஒரு பட்டன் இருக்கிறது. கடற்கொள்ளைக்காரன் ஏற வந்தால் கப்டன் அதை அழுத்துவார். கப்பலில் மணி அடிக்காது, லைட் எரியாது. வந்தவனுக்குத் தெரியவே கூடாது. ஆனால் கரையில் எங்கள் போனுக்கு எஸ்எம்எஸ் வரும். கப்பலின் பெயர், கடலில் நிற்கும் இடம், நேரம். நிறுத்தும் வரை திரும்பத் திரும்ப வரும்.

வருவது இரண்டே இரண்டு போனுக்கு. ஒன்று என்னுடையது, மற்றது மெனேஜருடையது.

போன வாரம் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. லீவு போட்டேன். நாங்கள் இருக்கும் லயத்து வரிசை வீடுகள் பக்கம் சிக்னல் சுத்தமாகக் கிடையாது. அதனால், "நான் வர்ற வரைக்கும் என் நம்பர எடுத்துட்டு டியூட்டில இருக்கிறவர் நம்பரப் போடுங்க சேர்" என்று வாயாலும் சொன்னேன், எழுதியும் கொடுத்தேன்.

லீவு ஃபோர்மில் 'லீவின்போது தொடர்பு கொள்ளும் நம்பர்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் மாரிமுத்து மாமாவின் நம்பரை எழுதினேன்.

தோட்டத்து ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம். பஸார் கடைக்காரர் நம்பர்தானே நம் எல்லோருக்கும் நம்பர்! பிள்ளை பிறந்தாலும் ஆள் செத்தாலும் செய்தி முதலில் மாமாவின் கடைக்குத்தான் வரும். மேலே ஏறிப் போகிற யாரிடமாவது அவர் சொல்லி அனுப்புவார்.

மெனேஜர் என்ன செய்தார் தெரியுமா?

என் நம்பரை எடுத்தார். டியூட்டி ஆளின் நம்பரைத் தேடச் சோம்பல். லீவு ஃபோர்மைப் பார்த்து, மாமாவின் நம்பரை சிஸ்டத்தில் ஏற்றிவிட்டார்!!

ஏடன் வளைகுடாவில் போகிற கப்பலின் அபாயச் செய்தி, பொகவந்தலாவையில் கருவாடும் மண்ணெண்ணெயும் விற்கிற கடைக்கு! (சிரிக்காதீர்கள். நான் இன்னும் சிரிக்கவில்லை.)

ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் மாமா மூச்சு வாங்க நின்றார்.

"என்னா மாமா, கடைய யாரு பாக்குறா?"

"பூட்டிட்டு வந்துட்டேன் புள்ள. இந்தா, இதப் பாரு. இங்கிலீசுல ஒரே மெசேஜு பத்து தடவ வந்துருச்சி. சாமான் வாங்க வந்த வாத்தியார்கிட்ட காட்டுனேன், ஷிப்புன்னு போட்டிருக்குன்னாரு. நம்ம பஸார்ல கப்பல்காரி நீ ஒருத்திதானே?"

"யார்கிட்டயாவது குடுத்து விட்டிருக்கலாமே மாமா!"

"நல்ல சேதின்னா ஒருக்காத்தான் சொல்லுவாங்க. இது விடாம வருது. எவனோ கஷ்டத்துல கெடக்கான்."

ஞாயிறு என்றால் தோட்டமே சாமான் வாங்க பஸாருக்கு இறங்குகிற நாள். அந்த மனிதர் கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார்!

போனைப் பார்த்தேன். முதல் மெசேஜ் வந்து முக்கால் மணித்தியாலம் ஆகியிருந்தது. கப்பலில் இருபத்திரண்டு பேர்.

மாமா வந்த ஓட்டோவிலேயே தேயிலை ஃபெக்டரி வளைவுக்கு ஓடினோம். அங்கேதான் சிக்னல் வரும். மெனேஜருக்கு அடித்தேன். மூன்றாவது தடவைதான் எடுத்தார்.

"சேர், அலர்ட் வந்திருக்கு!"

"ஓம், எனக்கும் வந்தது. ஆரோ துடைக்கேக்க கை பட்டிருக்கும் பிள்ளை. இல்லாட்டி டெஸ்ட்டா இருக்கும்."

"டெஸ்ட்டுன்னா முன்கூட்டியே அறிவிப்பாங்க, மெசேஜுலயும் டெஸ்ட்டுன்னு இருக்கும் சேர்!"

"பதறாதையும். நான் கப்பலுக்கே கோல் எடுத்து, பட்டனை அமத்தினீங்களோ எண்டு கேட்டனான். கப்டன் ஒண்டும் சொல்லாமல் வைச்சிட்டார்."

கேட்டீர்களா இந்த அநியாயத்தை?!

இந்த வேலையில் முதல் நாள் சொல்லித் தருகிற பாடம் அது. அலர்ட் வந்தால் கப்பலுக்குப் போன் பண்ணிக் கேட்காதே! கப்டனின் கழுத்தில் துப்பாக்கி இருந்தால், பட்டனை அழுத்தியது அவர்தான் என்று நாமே காட்டிக் கொடுத்தது போல ஆகும்.

போனை வைத்தேன். என் டயரியில் அந்தக் கடலில் ரோந்து போகிற கடற்படைகளின் நிலையத்து நம்பர் இருந்தது. வெளிநாட்டு கோல், பெலன்ஸ் நிற்குமா? மாமா சட்டைப் பையில் இருந்து ரீலோட் கார்டுகளை எடுத்து, நகத்தால் சுரண்டிச் சுரண்டி நம்பர் சொன்னார். விற்க வைத்திருந்த கார்டுகள்!

கப்பல் நிற்கும் இடத்தை அந்த எஸ்எம்எஸ்ஸைப் பார்த்து வாசித்தேன். எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று அந்த ஒஃபிசர் கேட்டார். பொகவந்தலாவை என்று நான்கு தடவை எழுத்துக்கூட்டினேன்.

மறுநாள் கப்டன் பேசினார். சிங்களவர், என்னிடம் தமிழிலேயே பேசுவார், 'நங்கி' (தங்கை) என்றுதான் கூப்பிடுவார்.

"ரெண்டு போட்டுல வந்தான் நங்கி. ஏணி கூட கொண்டு வந்தான். நான் கப்பல அங்க இங்க திருப்பி திருப்பி ஓட்டினேன். ஹெலிகொப்டர் வந்த பொறகுதான் ஓடினான். பட்டன் அமுக்கிட்டேன், கரையில ஆள் பாக்குது, பயப்படாதீங்கன்னு பசங்களுக்கு சொல்லிட்டே இருந்தேன்."

கரையில் யார் பார்த்தார்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

இப்போது நேற்றைய பேப்பருக்கு வருகிறேன். சம்பவ அறிக்கை. 'அலர்ட் கிடைத்த உடனே நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று இருந்தது. 'பெற்றுக்கொண்டவர்' என்ற இடத்தில் மெனேஜரின் பெயர்!

பேனாவை எடுத்தேன். அந்தப் பெயரை வெட்டினேன். மேலே இருக்கிற தலைப்பு இருக்கிறதே, அதை எழுதினேன்.

"என்ன பிள்ளை இது? மேலிடம் பாத்தா சிரிக்காதோ?"

"சிரிக்கட்டும் சேர். ஆனா அந்த இருபத்திரண்டு பேர் சிரிக்க மாட்டாங்க."

பேப்பர் என் மேசையில்தான் கிடக்கிறது. நாளைக்குள் சைன் வேண்டுமாம்.

நீங்களே சொல்லுங்கள், அந்த இடத்தில் வேறு யாருடைய பெயரை எழுதுவது?