சும்மா கிடந்த வெள்ளைப் புடவை

மூன்று வருடங்களுக்கு முன், பம்மலில் அம்மா வீட்டில் தொடங்கியது இது. எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாளுக்கு ஆலயத்தில் நன்றி ஆராதனை வைத்திருந்தோம். அம்மாவின் கல்யாணப் புடவையில் ஒரு கவுன் தைத்து அன்றைக்குப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை. வெள்ளைப் பட்டு, வெள்ளி ஜரிகை.

எதையும் திட்டமிட்டுச் செய்கிறவள் நான். ஜரிகைக் கரை கழுத்துக்கும் கைக்கும், முந்தானை முன்பக்கத்துக்கு என்று தாளில் வரைந்துகொண்டு, இன்ச் டேப்போடு போனேன்.

அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். கிறிஸ்துமஸ் முடிந்ததும் வருடம் தவறாமல் அந்தப் புடவையை நிழலில் உலர்த்தி, ஜரிகை ஒடியாதபடி மடிப்பு மாற்றி வைப்பாள். ஆனால் அவள் அதைக் கட்டி நான் பார்த்ததே இல்லை.

"முழுசும் வெட்டணுமா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா, கீழே நல்லா விரிஞ்சு வரணும். ஏன், உனக்கு வேணுமா? சும்மாதானே கிடக்கு?"

"சும்மாதான் கிடக்கு" என்று சிரித்தாள். "எடுத்துக்கடி."

குரோம்பேட்டைத் தையல்காரர்தான் தயங்கினார். "மேடம், கத்திரி வெச்சா வெச்சதுதான். அப்பால வந்து ஒட்டிக் குடுன்னு என்னை பேஜார் பண்ணக் கூடாது." நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

ஆராதனை முடிந்ததும் எல்லோரும் கவுனைப் புகழ்ந்தார்கள். அம்மா குனிந்து அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்து, "எடுப்பா இருக்குடி" என்றாள்.

அடுத்த வருடம் மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. குளிப்பாட்டி முடித்ததும் சித்தி என்னிடம் வந்தார்.

"அக்காவோட கல்யாணப் பொடவை எங்க கீது? எடு."

"எதுக்கு சித்தி?"

"எதுக்கா? கட்டி வுடத்தான். அதைக் கட்டித்தான் என்னைப் பெட்டியில வெக்கணும்னு சொல்லிகினே இருக்கும். உங்கிட்ட சொல்லல?"

சொல்லவில்லை. எங்கள் சொந்தத்தில் சிலருக்கு அப்படிச் செய்து பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கும் அந்த எண்ணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

என் கணவர் முடிச்சூரில் எங்கள் வீட்டுக்கு ஓடிப்போய் கவுனை எடுத்து வந்தார். சித்தி தையலைப் பிரித்துவிடலாமா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். "துண்டு துண்டா கீதே பாப்பா" என்றார், அவ்வளவுதான். திட்டியிருக்கலாம். அலமாரியிலிருந்த சாம்பல் நிறப் பட்டைக் கட்டி அம்மாவை அனுப்பிவைத்தோம்.

அந்த கவுனை நான் மறுபடி போடவில்லை. கிறிஸ்துமஸ் முடிந்ததும் நிழலில் உலர்த்தி, மடிப்பு மாற்றி வைக்கிறேன். என் காலம் முடிந்ததும் அதைத்தான் எனக்குப் போட வேண்டும் என்று மகனிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். "இப்ப என்னம்மா அந்தப் பேச்சு?" என்று கோபித்துக்கொண்டான், இருந்தாலும் கேட்டுக்கொண்டான்.

"சும்மாதான் கிடக்கு" என்று அம்மா சொன்னபோது நான் குனிந்து கரையின் அகலத்தை அளந்துகொண்டிருந்தேன். ஒரு நொடி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்திருந்தால் அந்தப் புடவை யாருக்காகக் காத்திருந்தது என்று தெரிந்திருக்கும்.