பைண்டரின் பாராட்டு

இருபத்திரண்டு வருஷம் அச்சகத்தில் பைண்டர் வேலை. ஊரார் படிக்கிற புத்தகத்துக்கெல்லாம் அட்டை போட்டவனை ஒருத்தர்கூட 'சார்' என்று கூப்பிட்டதில்லை. ஒருநாள் பஸ்ஸில், பசை காயாத நாவல் ஒன்றை மடியில் வைத்திருந்தான். பக்கத்து சீட்டு அம்மா, "சார், இது நீங்க எழுதினதா?" என்று கேட்டாள். அந்த 'சார்' அவனை என்னமோ செய்தது. ஆமாம் என்று தலையை ஆட்டித் தொலைத்தான். தலையாட்டக் காசா பணமா?

அதன்பிறகு நாலு மாதம் அவள் வீட்டில் ராஜ உபசாரம். முப்பது வருஷமாக யாருக்கும் காட்டாமல் எழுதிய கவிதை நோட்டுகளை அவள் அவனிடம் நீட்டினாள். அங்கேயே உட்கார்ந்து ஒன்று விடாமல் படித்தான். சில கவிதைகள் நிஜமாகவே அவனுக்குப் பிடித்துப்போயின. அப்படியே சொன்னான். அவளுக்குப் பத்து வயசு குறைந்துவிட்டது.

மாட்டிவிட்டதும் தொழில்தான். அந்த வீட்டு அகராதி ஒன்று முதுகு பிய்ந்து கிடந்தது. கை சும்மா இருக்குமா? ஊசி நூல் வாங்கிக் கச்சிதமாகத் தைத்துவிட்டு நிமிர்ந்தால், அவள் வீட்டுக்காரர் முறைத்துக்கொண்டு நிற்கிறார். மறுநாளே நாவலை அச்சடித்த இடத்துக்குப் போய் விசாரித்துவிட்டார். குட்டு உடைந்தது. போலீஸ், கோர்ட்டு, இரண்டு மாதம் உள்ளே.

வெளியே வந்தவன் நேராக அவள் வீட்டுக்குத்தான் போனான். வேலை போனதுகூட உறைக்கவில்லை. அந்த அம்மா மன்னித்தால் போதும் என்றிருந்தது. வீட்டுக்காரர் ஏற இறங்கப் பார்த்து, வாய்க்கு வந்தபடி திட்டினார். அவள் அவரை உள்ளே போகச் சொன்னாள். இன்னொருத்தர் பேரைச் சொல்லி ஏமாற்றியது தப்புதான் என்று இவன் கை கூப்பினான்.

"அது கிடக்கட்டும். என் கவிதையப் பத்தி சொன்னியே, அதுவும் பொய்தானா?"

அந்த வீட்டில் அவன் மனசாரச் சொன்னது அது ஒன்றுதான்.

"இல்லம்மா, சத்தியமா நல்லா இருந்துச்சு. நாலஞ்சு கவிதை எனக்கு இன்னும் மனப்பாடம்."

அவள் முகம் மலரப் பார்த்தது. பிறகு பசையேறிய அவன் நகங்களில் கண் போனது.

"நீ பைண்டர்தானே. நீ சொல்லி என்ன ஆகப்போகுது? நோட்டையெல்லாம் அன்னைக்கே கொளுத்தியாச்சு."

கதவைச் சாத்திவிட்டாள். முப்பது வருஷ எழுத்தில் மிச்சம் இருப்பது அவன் தலைக்குள் இருக்கிற அந்த நாலைந்துதான். அதைக் கேட்க நாதியில்லை.