மெத்தைக்கடை மாடியில் ஒரு போர்க்கடற்கரை

போடியில் ராஜா முகம்மது என்று விசாரித்தால் நாலைந்து பேரைக் கைகாட்டுவார்கள். மெத்தைக்கடை ராஜா முகம்மது என்றால் ஒருவர்தான். கீழே கடை, கடைக்குப் பின்னால் வீடு, மேலே பெரிய அறை ஒன்று. இலவங்காய் சீசனில் அந்த அறையில் பஞ்சு மூட்டை அடுக்குவார். மற்ற நாட்களில் விருந்தாளி வந்தால் அங்கேதான் பாய் விரிப்பார்கள்.

ஆள் தங்கமானவர். அவரிடம் இருந்த கோளாறு ஒன்றே ஒன்று: எதையாவது பிடித்துக்கொண்டால் சோறு தண்ணி மறந்துவிடுவார். அதைவிடப் பெரிய கோளாறு, கொஞ்ச நாளில் பிடித்ததையே மறந்துவிடுவார். லவ் பேர்ட்ஸ் வளர்த்தார். அந்தக் கூண்டில் இப்போது வெங்காயம் கிடக்கிறது. கலர் மீன் வளர்த்தார். தொட்டியில் அரிசி இருக்கிறது. கீபோர்டு வாங்கினார்; அது யார் வீட்டில் இருக்கிறதென்று அவருக்கே தெரியாது. அவர் மனைவி ஜெய்னம்பு, புதிதாக ஒரு சாமான் வீட்டுக்குள் வரும்போதே அதைப் பிறகு எதற்கு வைத்துக்கொள்ளலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவாள்.

போன மழைக்காலத்தில், போடிமெட்டுக்குத் தலையணை கொடுக்கப் போய்த் திரும்புகையில், கொண்டை ஊசி வளைவு ஒன்றில் ஸ்கூட்டர் வழுக்கி வலது காலில் மாவுக்கட்டு போடும்படி ஆனது. எல்லாத் தலையணையையும் விற்றிருக்கக் கூடாது, ஒன்றை மிச்சம் வைத்திருந்தால் அதன்மேல் விழுந்திருக்கலாம் என்று ஜெய்னம்பு இன்றைக்கும் சொல்கிறாள்.

கட்டுப்போட்ட காலை நீட்டிப் படுத்திருந்தவருக்குப் போன்தான் துணை. அதில் ஒருநாள் வெள்ளைக்காரத் தாத்தா ஒருவர் வந்தார். இரண்டாம் உலகப் போரில் பிரான்சு நாட்டுக் கடற்கரையில் படை இறங்கியதை அந்தத் தாத்தா தன் கார் ஷெட்டில் அப்படியே செய்துகொண்டிருந்தார். முன்பக்கம் கதவுபோல் விழுந்து திறக்கும் படகுகள், இடுப்பளவு தண்ணீரில் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்து வரும் சிப்பாய்கள், எதிர் மேட்டில் சிமெண்டுக் கூண்டுக்குள்ளிருந்து சுடுகிறவர்கள். ஒரு ஆள் கட்டைவிரல் உயரம்கூட இல்லை. தாத்தா பேசியதில் ஒரு வார்த்தை புரியவில்லை. கை செய்தது எல்லாம் புரிந்தது.

“ஜெய்னம்பு, இத நாம செஞ்சிரலாம்டி.”

“நாமன்னா யாரு?”

“நான்தான்.”

“மொதல்ல எந்திரிச்சு நடங்க.”

கட்டுப் பிரித்ததும் நடந்தார். நேராக மாடிக்கு.

அந்தத் தாத்தா வைத்திருந்த சிப்பாய்கள் என்ன விலை என்று மகள் மெஹ்ரினைத் தேடிப் பார்க்கச் சொன்னார். தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை பார்க்கும் மெஹ்ரின் போனைத் தடவிப் பார்த்துவிட்டு, “அத்தா, ஒரு பெட்டிக்கு நீங்க ஒரு டபுள் மெத்தை குடுக்கணும்” என்றாள். அன்றோடு கடைச்சரக்கு வேண்டாமென்று முடிவானது. வீட்டில் கிடப்பதை வைத்தே சண்டை நடத்திக்கொள்ளலாம்.

இரண்டு பெஞ்சைப் போட்டு, மேலே பழைய பிளைவுட்டை விரித்தார். இரட்டைக் கட்டிலைவிடக் கொஞ்சம் பெரிதாகவே வந்தது. ஃப்ரிஜ் கடையில் வீசியெறிந்த தெர்மாகோலைச் செதுக்கி மேடு ஆக்கினார். காலுக்குத் தின்ற மாத்திரையின் அட்டை, படகுக்குத் தகடானது. சோப்பு டப்பாவெல்லாம் படகானது. சிப்பாய்களை மட்டும் திருவிழாக் கடையில் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கிவந்தார். அந்தப் பாக்கெட்டுகளில் துப்பாக்கிக்காரர்களோடு வில் அம்பு வைத்தவர்களும் கலந்திருந்தார்கள். வில்லைப் பிளேடால் சீவி, அவர்களைக் குப்புறப் படுக்க வைத்தார். ஜெய்னம்பு எட்டிப் பார்த்துவிட்டு நெஞ்சில் கைவைத்தாள்.

“ஏங்க, இத்தன மய்யித்தயா வீட்டுக்குள்ள போட்டு வப்பீக?”

“சண்டைன்னா சாகத்தானடி செய்வாக.”

“ஒங்க சண்டையில மட்டும் எல்லாரும் எறங்குறதுக்கு முன்னாடியே செத்துருக்காக.”

மணல்தான் படுத்தி எடுத்தது. ஆற்று மணலைக் கொட்டினால் ஒவ்வொரு மணல் பருக்கையும் சிப்பாயின் தலை அளவு தெரிந்தது. கடற்கரை கல் குவாரி மாதிரி இருந்தது. யோசித்து யோசித்து, ஜெய்னம்பு ஊருக்குப் போன சமயம் பார்த்து ரவையைப் பசை தடவித் தூவினார். நிறமும் அச்சு அசல் கடல் மணல். பெருமையோடு கதவைச் சாத்தினார். காலையில் திறந்தால், பிரான்சு எறும்புகள் வசம் இருந்தது. மேட்டிலிருந்து வரிசையாக இறங்கி, படகு வரைக்கும் போய், குப்புறக் கிடந்தவர்கள் மேலெல்லாம் ஏறிக்கொண்டிருந்தன. திரும்பி வந்த ஜெய்னம்பு முதலில் ரவை டப்பாவைப் பார்த்தாள், பிறகு மாடியைப் பார்த்தாள்.

“உப்புமாவுக்கு ரவை இல்ல. எறும்புக்கு மட்டும் விருந்து.”

மூன்றாம் தடவை, கட்டடத்துக்குப் போடும் எம்சாண்டை மாவுச் சல்லடையில் சலித்துப் போட்டார். அது நின்றது. சல்லடை போனது.

ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர் சோலை அவருக்குப் பழைய சிநேகிதன். மழையில் ஒடிந்துபோன குடைகளை ஆட்கள் தூக்கிப் போடுவதைப் பார்த்து, அந்தக் கம்பிகளை ஒரு கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தான். ராஜா முகம்மது அவற்றைத் துண்டு துண்டாக நறுக்கி, மும்மூன்றாகக் குறுக்கே கட்டி, படகு கரையேறாமல் தடுக்கும் இரும்பு முள்ளாகக் கடற்கரை முழுக்க நட்டார். மலையில் பாறைமேல் படரும் பாசியையும் சோலையே சாக்கில் அள்ளிவந்தான். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு அவன் கேட்டது ஒன்றுதான்.

“அண்ணே, இவ்வளவு பேரு தண்ணிக்குள்ள நடக்குறாகளே, ஜீப்பு இல்லயா?”

குண்டு வெடித்த புகைக்கு மட்டும் அவருக்கு யோசனையே தேவைப்படவில்லை. இலவம்பஞ்சைப் பிய்த்து, அடியில் கரியைத் தொட்டுத் தடவி, மேலே போகப்போக விரித்துவிட்டார். வீடியோத் தாத்தாவின் புகையே அதற்கு முன்னால் சாயம்போன துணி மாதிரி இருந்தது. அன்று முழுக்க அவர் கடையில் வாடிக்கையாளர்களிடம் தேவையில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

சிலமலையிலிருந்து பஞ்சு லோடு கொண்டுவரும் பெரியகருப்பன், மூட்டையை இறக்கிவிட்டு மாடியேறி வெகுநேரம் நின்று பார்த்தார்.

“எல்லாம் நல்லாத்தேன் இருக்கு பாய். சாமிய எங்க வப்பீக?”

“சாமியெல்லாம் இல்லண்ணே. சண்டை.”

“அப்ப தேரு?”

“தேரும் இல்ல.”

பெரியகருப்பன் அவரைப் பாவமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

இப்படி நாலு மாதம் ஓடியது. ஆசை விட்டுப்போகும் என்று காத்திருந்த ஜெய்னம்புவுக்குத்தான் ஏமாற்றம். அப்போதுதான் கம்பத்திலிருந்து மெஹ்ரினைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். மாப்பிள்ளைக்கு அத்தா இல்லை. தாய்மாமன் மஸ்தான்தான் முன்னின்று எல்லாம் செய்கிறவர். உரக்கடை வைத்திருக்கிறார், ஆள் நல்ல கனம் என்றும் தகவல் வந்தது.

“பொம்பளைக கீழ உக்காருவோம். ஆம்பளைகள எங்க உக்கார வப்பீக? ஒங்க கடல்லயா? வெரசா எடுத்துக் காலி பண்ணுங்க” என்றாள் ஜெய்னம்பு.

எடுக்கத்தான் பார்த்தார். வாசல்வழியே போகவில்லை. அறுத்தால்தான் போகும். ரம்பத்தை எடுத்தார், மேட்டின்மேல் வைத்தார், கை வரவில்லை. கடைசியில் மெத்தைக்காரரின் மூளை வேலை செய்தது. ஓரமெல்லாம் உருட்டுத் தலையணைகளை வரிசையாக அடுக்கி, அதன்மேல் கடையிலேயே உசத்தியான பூப்போட்ட விரிப்பை இழுத்துக் கட்டினார். உள்ளே இருக்கும் எதன்மீதும் துணி படவில்லை. தள்ளி நின்று பார்த்தால் நவாபு வீட்டுத் திவான் மாதிரி இருந்தது. அவ்வளவு அழகாக அமைந்துவிட்டதுதான் தப்பாகப் போனது.

வந்தவர்களை மாடிக்கு அழைத்துப் போய், சுவரோரம் நாற்காலிகளில் உட்கார வைத்தார். தான் திவானுக்கு முன்னால் காவல் நிற்பதாகத்தான் திட்டம். கீழிருந்து மெஹ்ரின், “அத்தா, தட்டு வாங்கிட்டுப் போங்க” என்று கூப்பிட்டதும் இரண்டு படி இறங்கினார். அதற்குள் மஸ்தான், பிளாஸ்டிக் நாற்காலியைச் சந்தேகமாக ஆட்டிப் பார்த்துவிட்டு, “நமக்கு இது தாங்காது” என்று எழுந்து, திவானின் நட்டநடுவில் போய் உட்கார்ந்தார்.

முதலில் நொறுங்கும் சத்தம் கேட்டது. பிறகு, “யா அல்லா!”

ராஜா முகம்மது படியேறி வந்தபோது மஸ்தான் எழுந்து நின்று பின்பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தார். விரிப்பு நடுவில் குழிந்து கிடந்தது.

“என்ன மச்சான், மெத்தைக்கடைக்காரக வீட்டு மெத்தையே இப்பிடிக் குத்துது? உள்ள என்ன, பஞ்சா, முள்ளா?”

ராஜா முகம்மதுவுக்கு நாலு மாத வேலை உடைந்தது ஒரு பக்கம், மகளின் சம்பந்தம் உடையப்போவது இன்னொரு பக்கம். எதற்கு முதலில் வருத்தப்படுவது என்று தெரியாமல், விரிப்பை அவிழ்த்து விலக்கினார்.

மாப்பிள்ளைப் பையன் குனிந்து பார்த்தான்.

“இது எந்த ஊரு?” என்றார் மஸ்தான்.

“பிரான்சு.”

“அங்க ஒங்களுக்கு யாரு இருக்கா?”

“யாருமில்ல.”

“பெறகு?”

“கால் ஒடிஞ்சு கெடந்தேன். பாத்தேன். செய்யணும்னு தோணுச்சு” என்றார். சொல்லும்போதே அது எவ்வளவு மோசமான காரணம் என்று அவருக்கு உறைத்தது.

அத்தாவை எதிர்பார்த்து அலுத்துப்போன மெஹ்ரின் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டாள். நிலைமையைப் பார்த்தாள். மஸ்தான் அவளைப் பார்த்தார்.

“ஏம்மா, ஒங்க அத்தா எப்பவும் இப்பிடித்தானா?”

“இல்ல மாமா. இதுக்கு முன்னாடியெல்லாம் பாதியிலயே விட்டுருவாக. இதுதான் மொத மொதல்ல நெலச்சு நின்னது.” தட்டை நீட்டினாள். “அதுலதான் நீங்க உக்காந்துட்டீக.”

மாப்பிள்ளைப் பையன் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டான். அவன் சிரித்ததைப் பார்த்து மஸ்தானின் தொப்பை முதலில் குலுங்கியது, பிறகு முகம் சிரித்தது. அல்வாவை வாயில் போட்டுக்கொண்டு பிளைவுட்டைச் சுற்றி நடந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். இந்தத் தண்ணி எதில் செய்தது? பசை. அந்தப் புகை? நம்ம பஞ்சு. இவர்கள் ஏன் இப்படிக் கிடக்கிறார்கள்? அதற்குமட்டும் ராஜா முகம்மது வில் அம்பைப் பற்றிச் சொல்லவில்லை. கீழே ஜெய்னம்பு, நொறுங்கிய சத்தத்தைக் கேட்டபோதே காரியம் கெட்டதென்று முடிவுகட்டி, மாப்பிள்ளையின் தாயாருக்கு வெறும் டம்ளரை நீட்டிக்கொண்டிருந்தாள்.

சம்பந்தம் முடிவானது. ரம்ஜான் கழிந்து நிக்காஹ் வைக்கலாமென்று பேசினார்கள்.

விருந்தாளிகள் போன மறுநாள்தான் ராஜா முகம்மது தெம்பு வந்து மாடிக்குப் போனார். பிய்ந்ததை எடுத்துப் போட உட்கார்ந்தவர், எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். தெர்மாகோல் பிளந்து, மணல் சரிந்து, குடைக்கம்பி வளைந்து, படகு ஒன்று பாதி மடங்கி, சிப்பாய்கள் நாலாபக்கமும் தெறித்துக் கிடந்தார்கள். அவர் அடுக்கி வைத்த பக்கம் பள்ளிக்கூட அணிவகுப்பு மாதிரி இருந்தது. மஸ்தான் உட்கார்ந்த பக்கம்தான் போர் நடந்திருந்தது. ஓரத்தில் கொஞ்சம் கரி தடவி, பஞ்சு வைத்து, அதை அப்படியே விட்டுவிட்டார்.

கம்பத்தில் இந்தக் கதையைச் சொல்லாமல் மஸ்தான் ஒரு மூட்டை உரம் விற்பதில்லை என்று கேள்வி. போடிக்கு வரும்போதெல்லாம் யாரையாவது கூட்டிவந்து, “இதுதான் நான் எறங்குன எடம்” என்று காட்டுகிறார்.

நிக்காஹுக்கு முந்தின வாரம் உறவுக்காரப் பெண்கள் வந்து வீடு நிறைந்திருந்தது. ஏதோ எடுக்க மாடியேறிய ராஜா முகம்மது, உள்ளே ஜெய்னம்புவின் குரல் கேட்டுப் படியிலேயே நின்றார்.

“தொடாதீக, தொடாதீக. பாசி பிஞ்சுரும். இந்தா, இவுக இங்கிட்டிருந்து ஓடிப்போறாக. படகுல ஏறித் தப்பிச்சுப் போகணும்னு. மேட்டுல நிக்கிறவுக நம்மாளுக.”

முழுக்க முழுக்கத் தலைகீழ். ராஜா முகம்மது வாயைத் திறந்தார்.

“இம்புட்டையும் எங்க வீட்டுக்காரக ஒத்தக் கையா செஞ்சாக” என்றாள் ஜெய்னம்பு உள்ளே. “கால் ஒடிஞ்சதோட.”

திறந்த வாயை மூடிக்கொண்டு, சத்தமில்லாமல் கீழே இறங்கிப் போனார். கடையில் ராசிங்காபுரத்துக்காரர் ஒருவர் தொட்டில் மெத்தை கேட்டு நின்றுகொண்டிருந்தார்.