கண்ணாடி மூக்கில் ஒரு தம்ளர் டீ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது. எனக்கே நடந்தது. இருட்டு, சுடுகாடு, நாய் ஊளை எதுவும் இதில் இல்லை. நல்ல வெயிலில், தரைக்கு மேலே பத்து கிலோமீட்டர் உயரத்தில், எழுபது பயணிகள் கோழிக்கறி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நடந்தது. நம்பாதவர்கள் நம்பவேண்டாம், எனக்குக் கோபமில்லை. கூட வேலை பார்த்தவர்கள் சொன்னதையெல்லாம் அப்படியே நம்பியவள் நான். அதனால் எனக்கு என்ன கிடைத்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

1959 அக்டோபர். எனக்கு இருபத்துநாலு வயது, பெயர் ரிம்மா. டூ-104 ஜெட்டில் பணிப்பெண். அந்தக் காலத்தில் ஜெட்டில் வேலை என்றால் தெருவே பொறாமையில் வெந்துபோகும். விமானத்துக்குள் வலைத்திரை என்ன, பளபளக்கும் மரப்பலகை என்ன, கண்ணாடி அலமாரியில் பீங்கான் பொம்மைகள் என்ன! வசதியான மாமியார் வீட்டுக் கூடத்தைத் தூக்கி வானத்தில் வைத்தது மாதிரி இருக்கும். கிளம்பும்போது மட்டும் அந்தப் பொம்மைகள் அத்தனையும் கிடுகிடுவென்று ஆடும்.

எங்கள் சோவியத் நாட்டில் எந்த ஊர் விமான நிலையத்துக்குப் போனாலும் கடிகாரம் மாஸ்கோ நேரத்தைத்தான் காட்டும். வெளியே சாயங்காலமாக இருக்கும், சுவரில் காலை பதினொன்று இருக்கும். நான் சொல்லும் மணியெல்லாம் அந்த நேரம்தான்.

அர்காதி வேறொரு குழுவில் நேவிகேட்டர். எங்கள் விமானத்தின் மூக்கு முழுக்கக் கண்ணாடி. நேவிகேட்டர் அதற்குள் தனியாக உட்கார்ந்து, கீழே ஓடும் ஆற்றையும் ரயில் பாதையையும் பார்த்து வழி சொல்வான். மூன்று வாரத்துக்கு முன்னால் அவன் என்னிடம், "என்னைக் கட்டிக்கிறியா?" என்று கேட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமே இல்லை. கொஞ்சம் அலையட்டுமே என்ற கொழுப்பு, அவ்வளவுதான்.

அன்றைக்குப் பதில் சொல்வதாக இருந்தேன். அவன் காலை 8.10-க்கு மாஸ்கோவிலிருந்து கிளம்பி 11.00 மணிக்கு ஓம்ஸ்க் வந்துவிடுவான். அங்கே அவன் குழுவுக்கு ஓய்வு. நான் இர்குத்ஸ்கிலிருந்து 11.30-க்குக் கிளம்பி 14.20-க்கு ஓம்ஸ்கில் இறங்குவேன். மறுபடி மாஸ்கோவுக்குக் கிளம்புமுன் எண்ணெய் நிரப்ப நாற்பது நிமிடம் ஆகும். அதற்குள் இறங்கி ஓடி, 'சரி' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓடிவரவேண்டும். இதை என்னோடு அதே விமானத்தில் பணிப்பெண்ணாக இருந்த சிநேகிதி இனெஸ்ஸாவிடம் மட்டும்தான் சொன்னேன். அதனால் குழு முழுக்கத் தெரிந்திருந்தது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் நாட்டில் விமானத்தில் வேலை பார்ப்பவர்கள் 'கடைசி' என்ற சொல்லை வாயில் எடுக்கவே மாட்டார்கள். அதற்குப் பதிலாக 'ஓரம்' என்பார்கள். ஓரத்துப் பயணம், ஓரத்துத் தகவல். தட்டில் ஒரே ஒரு ரொட்டி மிஞ்சினால் அதுகூட ஓரத்து ரொட்டிதான். புதிதாக வந்தவன் யாராவது 'கடைசி' என்று உளறிவிட்டால், இடது தோளுக்கு மேலே மூன்று தரம் துப்பச் சொல்லிப் பாடாய்ப் படுத்துவார்கள்.

11.05. இர்குத்ஸ்க். எங்கள் கேப்டன் வெனியமின் லுகீச் அலுவலக அறையிலிருந்து வெளியே வந்தார். இருபது வருடம் பறந்த மனுஷர். நான் ஓடிப்போய்க் கேட்டேன்.

"என்னங்க வெனியமின் லுகீச், ஓம்ஸ்க்ல நம்ம ஆளு வந்து எறங்கியாச்சா?"

"எறங்கிட்டான்மா. கடைசியா வந்த தகவல்படி..."

சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"அய்யய்யோ, கேப்டனே சொல்லிட்டாரே. துப்புங்க, துப்புங்க, மூணு தரம்," என்று நான் சிரித்தேன்.

அவர் துப்பவில்லை. தொப்பியைச் சரிசெய்தபடி படியேறிப் போய்விட்டார்.

11.30. கிளம்பினோம். அந்தப் பாதையில் மேற்கே போகும்போது ஒரு வேடிக்கை உண்டு. சூரியனைத் துரத்திக்கொண்டே போவதால் அது சுலபத்தில் இறங்காது. ஒரே சாயங்காலம் மூன்று மணி நேரம் நீளும். அன்றைக்கும் திரைச்சீலையின் நிழல் தரையில் வைத்தது வைத்தபடி கிடந்தது.

"முன்னாடி நீ போகாத. பைலட்டுங்கள நான் பாத்துக்கறேன்," என்றாள் இனெஸ்ஸா.

"ஏன்டி?"

"சொன்னா கேளு. நீ பயணிகளப் பாரு."

எனக்கு அது விசித்திரமாகப் படவில்லை. இன்றைக்காவது வேலையைப் பங்குபோட்டுக்கொள்கிறாளே என்று சந்தோஷம்தான்.

12.20. சமையல் மூலையில் நின்று உதட்டுச்சாயம் பூசப் பார்த்தேன். என்னுடையது தீர்ந்திருந்தது. இனெஸ்ஸா தன்னுடையதை நீட்டினாள். போலந்திலிருந்து வந்தது. சொந்தத் தங்கைக்கே தராதவள். கண்ணாடியையும் அவளே பிடித்தாள். கண்ணாடி நடுங்கியது.

"ஏன்டி கை ஆடுது?"

"விமானம் ஆடுது."

விமானம் ஆடவில்லை. மேடையில் இருந்த தம்ளர்களில் டீ அசையாமல் நின்றது.

12.47. மணி அடித்தது.

டிங்... டிங்...

பைலட் அறையிலிருந்து கூப்பிடும் மணி. சுவரில் சிவப்பு விளக்கும் எரிந்தது. இனெஸ்ஸா பின்பக்கம் ஒரு குழந்தைக்குக் கம்பளி போர்த்திக்கொண்டிருந்தாள். அவள் திரும்பவில்லை. யாருக்கோ டீ வேண்டும் போலிருக்கிறது, நாமே கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஒரு தம்ளர் டீயை உலோகப் பிடியில் வைத்து, இரண்டு சர்க்கரைக் கட்டி உள்ள பொட்டலம் ஒன்றையும் எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

பைலட்டுகள் இரண்டு பேரும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு நேரே பார்த்திருந்தார்கள். ஒருவரும் திரும்பவில்லை. இருவருக்கும் நடுவே கண்ணாடி மூக்குக்குப் போகும் தாழ்வான வழி. திரை இழுத்து மூடியிருந்தது.

குனிந்தேன். "ரோதியோன், டீ," என்றேன். ரோதியோன்தான் எங்கள் நேவிகேட்டர்.

திரைக்கு அடியிலிருந்து ஒரு கை வந்தது. தம்ளரையும் சர்க்கரையையும் வாங்கிக்கொண்டது. விரல் பட்டது. மூக்கறையில் எப்போதும் குளிர்தான். ஆனால் இது அந்தக் குளிர் இல்லை.

"இதுதான் கடைசி டீ, ரிம்மா. பதில் சொல்லு."

அர்காதியின் குரல்.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ரோதியோன் நன்றாகக் குரல் மாற்றிப் பேசுவான். இனெஸ்ஸா வாய் ஓயாமல் சொல்லியிருப்பாள், இவன் கிண்டல் செய்கிறான் என்று நினைத்தேன்.

"அந்த வார்த்தைய ஏன் சொல்ற? வெளாட்டா இருக்கா?"



அப்போதுதான் கவனித்தேன். எஞ்சின் சத்தம் கேட்கவில்லை. அந்த விமானத்தில் எஞ்சின் சத்தம் கேட்காத இடமே கிடையாது...

"பதில் சொல்லு, ரிம்மா."

"ஓம்ஸ்க்ல சொல்லிக்கறேன். உன்கிட்ட இல்ல."

வெடுக்கென்று திரும்பி வந்து கதவைச் சாத்தினேன். மணி 12.51.

எதிரே ரோதியோன் வந்துகொண்டிருந்தான்.

கைக்குட்டையில் கையைத் துடைத்தபடி... வால் பக்கத்திலிருந்து.

"நீ... எங்கேருந்து வர்ற?"

"பின்னாடிலேருந்து. கழிப்பறைக்கு வரிசை. கால் மணி நேரம் நின்னேன்."

"முன்னாடி யாரு ஒக்காந்திருக்கா?"

"யாரும் இல்லையே."

ஓடினேன்.

திரையை இழுத்தேன்.

இருக்கை காலி.

கண்ணாடி முழுக்க வெயில்.

வரைபடத்தின் மேல் தம்ளர். அதுவும் காலி. உள்ளே இன்னும் ஆவி...

சர்க்கரைப் பொட்டலம் பிரிந்து கிடந்தது. ஒரு கட்டியைக் காணோம். இன்னொன்று பாதி. அதில் பல் பதிந்திருந்தது. ரோதியோன் சர்க்கரையைத் தொடமாட்டான். அர்காதி கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு அதன்மேல் டீயை உறிஞ்சுவான்.

வெனியமின் லுகீச் அப்போதுதான் திரும்பினார். கண் சிவந்திருந்தது.

"அர்காதி எங்கே?" என்று கேட்டேன்.

"ஓம்ஸ்க்ல இருக்கான்மா. போய்ப் பயணிகளப் பாரு."

போனேன். தட்டுகளை எடுத்தேன். சிரித்தேன். பூசின உதட்டோடு சிரித்தேன்.

14.20. ஓம்ஸ்க். தரையைத் தொட்டதும் பின்னால் பாராசூட் விரிந்து விமானத்தை வெடுக்கென்று இழுத்து நிறுத்தியது. படி வைத்தார்கள். கீழே அர்காதி இல்லை. கருப்புக் கோட்டு போட்ட ஒரு அதிகாரி மட்டும் நின்றிருந்தார். அர்காதியை அவசரமாக வடக்கே வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார்களாம், கடிதம் போடுவானாம். இனெஸ்ஸா பக்கத்திலேயே நின்று, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள்.

ஆறு நாள் கழித்துத்தான் உண்மையைச் சொன்னார்கள். அர்காதி வந்த விமானம் அன்று காலை 9.50-க்கே விழுந்துவிட்டது. யாரும் பிழைக்கவில்லை. ஏன் விழுந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பத்திரிகையில் ஒரு வரி வரவில்லை. இர்குத்ஸ்குக்கு 10.40-க்கே தகவல் வந்திருக்கிறது. துப்புங்க, துப்புங்க என்று நான் சிரித்தபோது கேப்டனுக்கு எல்லாம் தெரியும். மாற்றுப் பணிப்பெண் அங்கே இல்லை. அழுத முகத்தோடு ஒருத்தி டீ கொடுத்தால் பயணிகள் பயந்துவிடுவார்கள். அதனால் என்னிடம் சொல்வதில்லை என்று முடிவுகட்டி, எல்லோரும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இனெஸ்ஸாவும் போட்டிருக்கிறாள். போட்டுவிட்டு வந்துதான் எனக்குக் கண்ணாடி பிடித்தாள்.

அதற்குப் பிறகு அவள் முகத்தில் நான் விழிக்கவில்லை. முப்பத்தொரு வருடம் கழித்து, 1990-இல், உடம்பெல்லாம் இளைத்துப்போய் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். மன்னிப்பு கேட்க வந்திருந்தாள். நான் உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே கேட்டாள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. யாரிடமும் சொல்லாத அந்த 12.47 மணி விஷயத்தை அவள் முகத்துக்கு நேரே போட்டு உடைத்தேன்.

இனெஸ்ஸா அழுவதை நிறுத்தினாள்.

"எந்த மணி?"

"முன்னாடி அடிக்கிற மணி. சிவப்பு வெளக்கோட."

"அது எப்படிடி அடிக்கும்?"

அவள் உதடு வெளுத்துவிட்டது. மெதுவாகச் சொன்னாள்.

"பைலட்டுங்க ரேடியோல அதப் பத்திப் பேசறப்ப நீ உள்ள வந்துடக் கூடாதுன்னு, இர்குத்ஸ்க்லயே அந்த மணியோட ஃபியூஸக் கழட்டச் சொல்லிட்டார் கேப்டன். கழட்டி என்கிட்டதான் குடுத்தாங்க. மாஸ்கோ போற வரைக்கும் என் ஏப்ரன் பையிலதான் இருந்துச்சு."

கதவைச் சாத்தி அவளை அனுப்பிவிட்டேன்.

எனக்கு அவனிடம் பயமில்லை. அவன் பதில் கேட்கத்தான் வந்தான். அத்தனை பேரில் ஒருத்தராவது உண்மையைச் சொல்லியிருந்தால், திரைக்குப் பின்னால் இருப்பது யார் என்று எனக்குத் தெரிந்திருக்கும். 'சரி' என்று சொல்லியிருப்பேன். எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் 'உன்கிட்ட இல்ல' என்று சொல்லிவிட்டேன். அவன் கேட்டுவிட்டுப் போன பதில் அதுதான்.